படுக்கையருகே ஒரு ஜெபம்

சபையில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. பேருந்து ஓட்டும் அவள் புருஷனுக்கு மட்டும்தான் அந்தத் தைரியம். "நீ ஜெபத்த ஆரம்பிச்சா நான் ஒரு ட்ரிப் போயிட்டே வந்துடலாம்" என்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். குரல் ஆண்டவர் கொடுத்தது, அதைப் பூட்டி வைப்பது நன்றிகெட்டதனம் என்பது அவள் கட்சி. நோயாளியோ, புதுவீடோ, பரீட்சைக்குப் போகும் பிள்ளையோ, முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டது ஒலிபெருக்கிக்குப் பேரிடி. தையல்காரி வயதில் மூத்தவள், வாய்த்துடுக்குக்காரி. ஒலிபெருக்கியின் இரண்டு பிரசவத்துக்கும் உடன்பிறந்தவளைப் போலக் கூட இருந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பிய முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, ஒலிபெருக்கி சபை மூப்பரையும் இன்னும் ஏழெட்டு ஆண்களையும் திரட்டிக்கொண்டு போனாள். தையல்காரியின் மருமகள் ரொட்டிக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நீங்கல்லாம் இருக்கீங்க, அத்தைய பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனாள்.

கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஒலிபெருக்கி தொடங்கினாள். உலகத்தைப் படைத்த நாளிலிருந்து தொடங்கினாள் என்று புருஷன் பிறகு சொன்னது மிகை. ஆனால் இடுப்பு எலும்புக்கு வந்து சேர நேரமானது நிஜம். நடுவில் தையல்காரி முனகினாள். அக்கா உள்ளம் உருகுகிறாள் என்று இவள் குரலை உயர்த்தினாள். தையல்காரி இவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஜெபத்தில் கைகோக்க வருகிறாள் என்று இவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் இழுக்க இழுக்க இவள் இறுக்கினாள். சுற்றி நின்றவர்கள் "ஆமென், ஆமென்" என்றார்கள்.

கண்ணைத் திறந்தபோது விரிப்பு நனைந்திருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவே "ஒண்ணுக்கு வருது" என்று அந்த மானஸ்தி எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? மூப்பர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒலிபெருக்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ போன் பண்ண, மருமகள்தான் கடையிலிருந்து ஓடிவந்து விரிப்பை மாற்றினாள். தையல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாரும் போங்க. இனிமே என் வீட்டுல ஜெபம் வேண்டாம்."

ஒலிபெருக்கி அன்று சாப்பிடவில்லை. கேலி பேசவந்த புருஷன் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அந்தக் கை அத்தனை தரம் கேட்டதே, நான் பிடித்து வைத்துக்கொண்டேனே என்பதுதான் அவளை அறுத்தது. அக்கா இனி நம் முகத்தில் விழிப்பாளா என்று நினைத்து நினைத்து அழுதாள்.

மறுநாள் மருமகள் வேலைக்குப் போனதும், ஒலிபெருக்கி போய்த் தையல்காரி வீட்டுக் கதவருகே நின்றாள்.

"ஜெபம் பண்ண வரலக்கா."

"பின்ன எதுக்கு வந்த?"

"பெட்பேன் வைக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கேன். உங்க மருமகதான் மாடிப்படியில நிறுத்திச் சொல்லிக் குடுத்தா."

தையல்காரிக்குக் கோபம் ஆறவில்லைதான், ஆனால் அவசரம் காத்திருக்காதே. "சரி, வந்து தொல" என்றாள்.

மருமகள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கட்டிலருகே போனதும் ஒலிபெருக்கிக்குப் பறந்துவிட்டது. "மெல்லிசான பக்கம் முதுகுப் பக்கம் வரணும்டி. என்னை என்ன கவுக்கப் பாக்குறியா?" என்று வசவு வாங்கினாள். வாங்கிக்கொண்டே கற்றாள். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களிக்கப் படுக்கவைக்க, முதுகுத் தோல் புண்ணாகாமல் துடைத்து உலர்த்த, விரிப்பில் சுருக்கமில்லாமல் இழுத்துச் சொருக, எல்லாம் கை பழகியது. வாயை மட்டும் திறக்கவில்லை. துணியைப் பிழியும்போது மனசுக்குள் ஜெபித்துக்கொள்வாள். அது அவளுக்குப் பாதி வயிறு சாப்பிட்டது போலத்தான். சபையிலும் அவள் ஜெபம் சுருங்கிப்போயிற்று. ஆட்களுக்கு அதுவே கவலையாகி, தொண்டைக்கு மருந்து சொன்னார்கள்.

கால் ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லி வாக்கரும் வந்தது. தையல்காரி எழுந்து நிற்பாள். அடி எடுத்து வைக்கச் சொன்னால் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு வாரம் இதே கதை. அன்று காலையும் வாக்கரைப் பிடித்து நின்றாள். பக்கத்தில் ஒலிபெருக்கி அவள் இடுப்பை அணைத்தபடி நின்றாள்.

"ஏன் உம்முன்னு நிக்கிற?"

"நீங்கதானக்கா வேண்டாம்னீங்க."

"சொன்னேன். இல்லங்கல. அதுக்காக தினமும் ஊமை மாதிரி வந்து தொடச்சுட்டுப் போறியே. நீ வாய மூடினதுலேருந்து இந்த வீடே வீடு மாதிரி இல்ல." அவள் குரல் இறங்கியது. "எனக்குப் பயமா இருக்குடி. ஆண்டவர்கிட்ட யாராவது சொல்லணும். எனக்குச் சொல்ல வரல."

ஒலிபெருக்கிக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் காத்திருந்த வாய்தான். ஆனால் வழக்கமான பெரிய பெரிய வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. பிடியைத் தளர்த்தாமல் சொன்னாள்.

"ஆண்டவரே, அக்கா விழக்கூடாது. விழுந்தா என் மேல விழட்டும்."

தையல்காரி இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"உன் மேல விழுந்தா ரெண்டு பேருக்கும்ல மாவுக்கட்டு போடணும்" என்று சிரித்துக்கொண்டே, தையல்காரி அடிபட்ட காலை எடுத்து முன்னால் வைத்தாள்.