பரண்மேல் ஏறிய மாத்திரை அட்டை

கோவில்பட்டி எபனேசர் சார் டியூஷனில் இங்கிலீஷ் படிக்கிறவர்கள், எந்த வாசகத்தை அலசுகிறார்களோ அந்த வாசகமாகவே அடுத்த வகுப்பு வரை வீட்டில் இருக்க வேண்டும். சுவர், பில், மருந்துப் பெட்டி, எதில் அச்சடித்திருந்தாலும் சரி. யார் சொல்கிறார்கள், யாருக்கு, என்ன குரலில் என்று கேட்டு முடித்ததும் அந்தக் குரல் படித்தவர் தொண்டையில் ஏறிக்கொள்ளும். பேச்சு தமிழில்தான் வரும், குரல்தான் வேறு. அப்படித்தான் பாஷை ஒட்டும் என்பது சாரின் கட்சி.

தங்கபுஷ்பத்துக்குத்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் புருஷன் செல்லச்சாமி மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போகப் படிக்கிறான். முதலில் லிஃப்ட் அறிவிப்பு. ஆறு பேருக்கு மேல் கூடாதென்று வாசலை மறித்தான். அவள் அண்ணன் குடும்பம் பழத்தாரோடு தெருவில் நின்றுவிட்டுப் போயிற்று. பிறகு டிரான்ஸ்பார்மர் பலகை. தொட்டால் ஷாக் அடித்தது. அந்த வாரம் முழுக்க ரப்பர் செருப்போடு பரிமாறினாள். இப்போது மாத்திரை அட்டை. குளிர்ந்த இருட்டான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டுமே, பரண்மேல் ஏறிப் படுத்துவிட்டான்.

"ஏங்க, விடிஞ்சதுலருந்து உழைச்சுக் கொட்டுறேன். மனுஷன் மாதிரி நல்லதா ஒரு வார்த்தை சொன்னா வாய் நோவுமா?" என்று பரணைப் பார்த்துக் கேட்டாள்.

"மருத்துவர் ஆலோசனைப்படி மட்டுமே," என்றான் மேலேயிருந்து.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு டியூஷனுக்கு நடந்தாள்.

"சார், கொஞ்சம் பாசமா பேசுற வாசகமா ஒண்ணு குடுங்க அவருக்கு. புண்ணியமாப் போகும்."

சார் அலமாரியைத் துழாவினார். கரண்ட் பில், சிமெண்ட் சாக்கு, கொசுவத்திப் பெட்டி. எல்லாமே ஒன்று மிரட்டின, இல்லாவிட்டால் எதையாவது விற்கப் பார்த்தன.

"பாசம் அச்சுல ரொம்பக் கம்மிம்மா," என்றார். கடைசியில் ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துத் தூசி தட்டினார். "இது வேணா இருக்கு. மரியாதையான குரல்."

அடுத்த வகுப்பு முடிந்து செல்லச்சாமி வந்து உட்கார்ந்தான். அவள் தோசை சுட்டு வைத்தாள். தின்று முடித்து, அவள் முகத்தை நேராகப் பார்த்து, இரண்டு கையும் கூப்பினான்.

"நன்றி. மீண்டும் வருக."

அடி ஆத்தி! கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முதல் வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. மீண்டும் வரச் சொன்னதையும் மதிக்க வேண்டுமல்லவா? வெளியே போனாள். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து ஒரு செம்பு தண்ணீர் நீட்டினாள்.

"நன்றி. மீண்டும் வருக."

மறுபடியும் போனாள். கால் கடுத்தது. போனாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தடவை அவள் திரும்பி வந்தபோது, எதிர்வீட்டு மாடத்தி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து அப்படியே வந்த பெண்கள், எபனேசர் சார் சம்சாரம் என்று எல்லோரும் ஆளுக்கொரு செம்புத் தண்ணீரோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். உள்ளே போய் வந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நடந்தார்கள். தங்கபுஷ்பத்துக்கு யாரும் வழி விடவில்லை. அவளும் கேட்கவில்லை. குழாயடியில் செம்பை நிரப்பிக்கொண்டு கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள்.