திறக்காத கல்

நிற்கவில்லை, இன்னும் நிற்கவில்லை. இவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகிறது?

துளசா யாரிடமும் சொல்லவில்லை. காளி கண்டகி ஆற்றங்கரையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தண்ணீரில் கிடந்த பாதங்களைச் சுற்றி, விரல் போன்ற கற்கள் மணலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. புரோகிதர் அப்பாவின் மூக்கருகே கை வைத்துப் பார்த்து, முடிந்தது என்று தலையசைத்துவிட்டார். அண்ணன் யாம்லால் அழுது, முகமும் கழுவிவிட்டான். ஆனால் அப்பாவின் மார்பில் வைத்திருந்த கறுப்பு உருண்டைக் கல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஆயுள் முழுக்க இந்த ஆற்றில் சாளக்கிராமம் பொறுக்கியவர். கல்லை உடைத்தால் உள்ளே பழங்கடல் பிராணியின் சுருள் இருக்கும். யாத்திரைக்காரர்கள் அதை விஷ்ணு சக்கரம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கல் பொறுக்குகிறவர்கள் தங்களுக்கென்று ஒன்றை மட்டும் உடைக்காமல் வைத்திருப்பார்கள். செத்ததும் மகள் அதைத் திறக்க வேண்டும். சுருளைக் கழுவிய தண்ணீரை உதட்டில் விட்ட பிறகுதான் மகன் தீ வைக்கலாம்.

"சுத்தியலை எடு துளசா."

"கொஞ்சம் இருண்ணா."

"மத்தியானக் காத்து கிளம்பிட்டா நெருப்பு நிக்காது. தெரியாதா உனக்கு?"

பக்கத்து வீட்டு கோரே மாமா பீடியை மணலில் தேய்த்தார். "உங்கப்பன் எதை லேசுல விட்டுக்குடுத்தான்? எமன்கிட்டயும் பேரம் பேசிட்டிருப்பான்."

யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

அவள் குனிந்து அப்பாவின் விலாவில் கை வைத்தாள். சில்லென்று, அசைவில்லாமல் இருந்தது. சட்டைத் துணிகூட அசையவில்லை. கல்லைத் தொட்டாள். வெதுவெதுப்பாக அவள் உள்ளங்கையை மேலே தள்ளியது, இறங்கியது. மறுபடி தள்ளியது.

கடைசி மாதங்களில் அப்பா அவளோடு பேசியதைவிட இதனோடுதான் அதிகம் பேசினார். ஒருமுறை கேட்டதற்கு, "பதில் சொல்றதுகிட்டதானே பேச முடியும்" என்றார். அவள் அப்போது தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

"பிணத்தைக் காக்க வைக்கக்கூடாதும்மா" என்றார் புரோகிதர்.

யாம்லால் அவள் விரல்களைப் பிரித்துச் சுத்தியலை வைத்தான். அவன் குரல் தணிந்திருந்தது. "ஒரே தட்டு. அப்பா போகட்டும்மா."

துளசா கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுத்தியலை அவன் பக்கமாக மணலில் வைத்தாள்.

"மாட்டேண்ணா."

சால்வையின் நுனியைக் கல்லின்மேல் இழுத்துவிட்டாள்.