கேரவனை இழுக்க ஒரு கார்

மூன்றாவது ஷோரூமில் உட்கார்ந்திருந்தபோது நளினிக்கு மைலேஜ் என்ற சொல்லே அர்த்தமில்லாததாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. முதல் கடையில், இழுவைக்கு டீசல்தான் என்றார்கள். அடுத்த கடையில், டீசலைத் தொடாதீர்கள், இப்போது வரும் பெட்ரோல் வண்டிகளே நன்றாக இழுக்கும் என்றார்கள். நடுவில் டீக்கடையில் நின்ற யாரோ ஒருவர், கேட்காமலேயே, பேட்டரி கார்தான் இனிமேல் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேர் சொன்னதும் அவளுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் தொந்தரவு.

"கேரவன் எவ்ளோ வெயிட்டு செப்பண்டி மேடம், அப்பால நான் வண்டி சொல்றேன்," என்றார் விற்பனையாளர் கிரண்குமார்.

"ரெண்டேமுக்கா டன்," என்றான் அவள் கணவன் ஹேமநாத்.

கிரண்குமார் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நீங்க சொல்றது கேரவனா, கல்யாண மண்டபமா?"

அந்த எடையை இழுத்தாலும் இழுக்கும் என்று அவர் காட்டிய கார், கடையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. கேரவனைக் கட்டி ஓட்டினால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது என்று அவரே சொன்னார். அதை வைத்துக்கொண்டு ஹேமநாத் வாராவாரம் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்வந்தால் சம்பளம் முழுக்க டேங்கிலேயே கரைந்துவிடும்.

வெளியே ரேணிகுண்டா சாலையில் வெயில் கொளுத்தியது. "வுட்ரு நளினி," என்றான் ஹேமநாத். "நாளைக்கி சடகோபன் வர்றாரு. கேரவன அவருக்கே குட்த்துடலாம்."

சடகோபன் திருச்சானூரில் டிபன் கடை வைத்திருப்பவர். கேரவனைக் கோயில் பக்கம் நிறுத்தி இட்லி, பொங்கல் விற்க அவருக்கு ஆசை. புத்தூர் போகும் ரயிலில் நளினி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அது அவளுக்குக் கேரவன் இல்லை, ஓர் அறை. ஹேமநாத் வாரமெல்லாம் ஸ்ரீசிட்டியில் நண்பர்களோடு தங்கி, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவள் புத்தூர்க் கல்லூரியில் காமர்ஸ் பாடம் நடத்திக்கொண்டு மாமனார் வீட்டில் இருந்தாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன ஊர் புத்தூர். ஆகவே உறவில் யார் எங்கே விழுந்தாலும் இவர்கள் வீட்டுக்குத்தான் வந்து இறங்குவார்கள். வந்தவர்களுக்கு என்று ஒதுக்க இருந்தது நளினியின் அறைதான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்த அறையில் மூன்று முழங்கால், இரண்டு மணிக்கட்டு, ஒரு தோள்பட்டை குணமாகியிருந்தன. இப்போது மாமனாரின் தம்பி பக்கிரிசாமி, மாமரத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட இடது கையோடு அங்கே படுத்திருந்தார்.

அதனால்தான் ஹேமநாத் நண்பனிடமிருந்து அந்தக் கேரவனை வாங்கினான். சித்தூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது. இவ்வளவு எடை என்று எழுதிய தகடு எதுவும் அதில் இல்லை. மாமனார் எத்திராஜ்தான், "எடை போடறது எனக்கு இன்னா புதுசா?" என்று டிராக்டரில் கட்டி இழுத்துப்போய், வழக்கமாக மாங்காய் லோடை நிறுத்தும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்து வந்தார். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினால் சந்திரகிரிக் கோட்டைப் பக்கம் எங்காவது நிறுத்திக்கொண்டு, கட்டுப்போட்ட கை கால் எதுவும் இல்லாமல் ஒரு நாள் இருக்கலாம் என்பதுதான் அவர்கள் போட்ட திட்டம்.

ஞாயிறு காலை சடகோபன் கேரவனை இழுத்துப்போக ஒரு மினி லாரியோடு வந்து, அதைத் தெருவில் நிறுத்தினார். கேரவன் பின்கட்டில் வேப்பமரத்தடியில் நின்றது.

"டிராக்டர் எங்கண்ணா?"

"தோப்புல கீது," என்றார் எத்திராஜ். "இரு, போய் ஓட்டிக்கினு வரேன்."

"சும்மா தள்ளிப் பாப்போம்ணா. எவ்ளோ தூரம், தெருவுக்குத்தான?"

"ரெண்டேமுக்கா டன்னுபா. இடுப்பு போனா, பக்கிரி பக்கத்துலயே ஒனக்கும் ஒரு பாய் போடணும்."

சடகோபன் கேட்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். பக்கிரிசாமியும் சும்மா இராமல், நல்ல கையால் ஒரு முட்டுக் கொடுத்தார். கேரவன் லேசாக முனகிவிட்டு உருள ஆரம்பித்தது.

காபித் தட்டோடு பின்வாசற்படியில் நின்ற நளினிக்கு ஒன்றும் புரியவில்லை. போன மாதம் மாங்காய் டிரெய்லர் இதே இடத்தில் நின்றபோது தெருவே சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. இரண்டேமுக்கால் டன் கேரவன் இப்போது ஒன்றரை ஆள் பலத்தில் போய்க்கொண்டிருந்தது. தான்தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறோமோ என்று தோன்றியது. மாமனாரிடம் இதைக் கேட்பது மரியாதையா என்றும் தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, எடை போட்டப்போ டிராக்டரக் கழட்டினீங்களா?"

"அத எதுக்கும்மா கழட்டணும்? அப்டியே ஏத்தி எடை போடுவோம். காலி வண்டி எடைய அப்பால அவன்தான கழிச்சுக்குவான்."

"யாரு மாமா?"

"ஜூஸ் ஃபேக்டரிக்காரன்."

"இதுக்கு யாரு மாமா கழிச்சாங்க?"

மாங்காயோடு மேடை ஏறுவது எத்திராஜ் வேலை. கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டியை எடை போட்டுக் கழித்துச் சொல்வது ஃபேக்டரிக்காரர் வேலை. வாலிப வயசிலிருந்து இதுதான் பழக்கம். கேரவனிலிருந்து கொட்ட ஒன்றும் இல்லாததால் கழிக்கவும் யாரும் இல்லாமல் போய்விட்டது.

"நைனா," என்றான் ஹேமநாத் மெதுவாக, "டிராக்டரே ரெண்டு டன்னுக்கு மேல வருமே."

"நீயும் மேல குந்திக்கினு இருந்தியாண்ணா?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"குந்தாம? நட்துக்கினா போவாங்கோ?"

பக்கிரிசாமி சிரித்ததில் கட்டுப்போட்ட கை வலித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்திராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சடகோபா, இது ஒனக்கு ஆவாது. ரொம்ப லேசு. நாலு பேரு சாஞ்சி நின்னு இட்லி துன்னா கவுந்துடும்."

"இன்னாண்ணா, லாரி வரைக்கும் கூட்டியாந்துட்டு?"

"லாரி வாடகைய நான் குட்த்துடறேன். நீ உள்ள போ."

மாமியார் தாட்சாயணி அதற்குள் இலை போட்டுவிட்டாள். "வந்ததுக்கு நாலு தோசை துன்னுட்டுப் போப்பா. ஒங்கடை டிபன நீயே எத்தினி நாளு துன்னுவ?"

எல்லோரும் உள்ளே போனதும் ஹேமநாத்தும் நளினியும் கேரவனுக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். உள்ளே புதுப் பிளைவுட் வாசனை.

"அறுநூறு எழுநூறு கிலோதான் இருக்கும்," என்றான் அவன். "சின்ன காருங்களே நெறைய இத இழுக்கும்."

"அதாங்க பயமா இருக்கு. நேத்து ஒண்ணுமே ஆகாதுன்னாங்க. இன்னிக்கி எல்லாமே ஆகும்னா எத வாங்கறது? டீசலா, பெட்ரோலா?"

"டீக்கடைக்காரரு பேட்டரின்னாரே."

"அவரு கடைக்காரரு இல்ல, டீ குடிக்க வந்தவரு."

"அவரு சொன்னதுதான் எனக்குப் புரிஞ்சுது."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பக்கிரிசாமியின் குரல் ஜன்னலருகே வந்தது. "ஹேமு, உள்ள ஃபேன் கீதா? காலை நீட்டிப் படுக்கலாமா?"

ஹேமநாத் நளினியைப் பார்த்தான். எந்தக் கார் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரியும். சத்தமில்லாமல் எட்டிப் போட்டாள்.