குருவி மைக்கை ஆன் செய்த நாள்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், மாலையில் அவர்களைத் திரும்ப ஏற்றும்வரை நடுவில் ஒரு நீண்ட பொழுது சும்மா கிடக்கும். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. உட்கார்ந்திருந்தாலோ நேரம் நகராது. மற்ற ஓட்டுநர்கள் பணிமனை ஓய்வறையில் சீட்டாடுவார்கள், குறட்டை விடுவார்கள், மேலாளரின் தலையை உருட்டுவார்கள். அவள் மட்டும் தன் வண்டியின் கடைசி நீள இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு புத்தகம் படிப்பாள்.

படிப்பதில் குறையொன்றும் இல்லை. படித்ததைச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. அவள் கணவர் குழாய் வேலை செய்பவர், தங்கமான மனிதர். ஆனால் கதை என்று ஆரம்பித்தால் முதல் 'ம்'முக்கும் இரண்டாவது 'ம்'முக்கும் நடுவிலேயே கண் சொருகிவிடும். மிச்சமிருந்தது வெளிநாட்டிலிருந்த அண்ணி. பாவம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் படித்த புத்தகங்களையெல்லாம் போனிலேயே கேட்டு முடித்தவள்.

"என் காதையே எத்தனை வருஷத்துக்குடி கடிப்பே? நாலு பேரைச் சேத்துக்கோ. நெட்லயே ஒரு வாசகர் வட்டம் ஆரம்பி" என்றாள் அண்ணி ஒருநாள்.

"பஸ் ஓட்டறவ கூப்பிட்டா யாரு அண்ணி வருவா?"

"நீ என்ன பஸ்ஸுக்கா கூப்பிடறே? புத்தகத்துக்குத்தானே!"

அப்படித்தான் ஆரம்பித்தது. முகநூலில் ஓர் அறிவிப்பு போட்டாள். வாரம் ஒரு கூட்டம், அவள் ஊரில் உச்சிவெயில் நேரம். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் அவள், அண்ணி, அப்புறம் ஒரு காப்பீட்டு முகவர். அவர் புத்தகத்தைப் பற்றி ஒரு வாக்கியமும் ஆயுளின் நிச்சயமின்மையைப் பற்றி அரைமணி நேரமும் பேசினார். குழுவில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் வந்து குவிந்தன. ஒருவர் ஒரு பக்கமும் படிக்காமலே அரை மணி விமர்சனம் செய்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விதி போட்டாள்: படிக்காமலும் வரலாம், ஆனால் படித்த மாதிரி பேசக்கூடாது. அதோடு பாதிக் கூட்டம் கழன்றுகொண்டது.

மிச்சம் நின்றவர்கள் கெட்டியான ஆட்கள். ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்து உட்காருவார். ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருந்தார். அவருக்குக் கேமராவை எப்படி வைப்பது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. பல வாரங்கள் அவர் வீட்டு மின்விசிறிதான் கூட்டத்தில் கலந்துகொண்டது. கதாபாத்திரங்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதுதான் அவர் விமர்சன முறை.

ஒருநாள் வக்கீல் ஏதோ நீளமாக வாதாடிக்கொண்டிருந்தபோது அவள் கேட்பதை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். அண்ணியின் ஜன்னலில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. வக்கீலின் ஜன்னலில் பொழுது சாய்ந்து சுவரெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. பல் டாக்டரின் ஜன்னலில் மழை. அவள் தலைக்கு மேலே பேருந்துக் கூரை வெயிலில் காய்ந்து டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வேளையிலும் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கத்தில் விரலை வைத்திருந்தார்கள். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் கண்டாள்.

அடுத்த புத்தகத்தை அண்ணி, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, பழைய புத்தகக் கடையில் கண்டுபிடித்தாள். ஒரு கப்பல் சமையல்காரர் தன் கடல் வாழ்க்கையைப் பற்றி எழுதியது. யாரும் கேள்விப்படாத புத்தகம். பதிப்பகத்திடம் கேட்டபோது, மின்னூலாகவும் இருப்பதாக அவர்களே ஆச்சரியப்பட்டுச் சொன்னார்கள். அவள் அறிவிப்புப் போட்ட அன்றே புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'குருவி' என்று மட்டும் இருந்தது. கேமரா இல்லை, மைக் இல்லை, கறுப்புக் கட்டம். வாராவாரம் முதல் ஆளாக வந்து, முடிந்ததும் சத்தமில்லாமல் போய்விடும்.

"குருவி கூட்டுல இருக்கா, பறந்துடுச்சா?" என்று வக்கீல் ஒவ்வொரு முறையும் கேட்பார். பதில் வராது. எல்லாரும் சிரிப்பார்கள். அதுவும் வழக்கமாகிப்போனது.

புத்தகம் எளிமையாக, உப்பும் புகையுமாக இருந்தது. அதன் நடுவில் ஓர் அத்தியாயம். ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படகொன்று புயலில் கவிழ்கிறது. சரக்குக் கப்பல் ஒன்று அந்த வழியாக வருகிறது. மாலுமிகள் தண்ணீரிலிருந்து சிலரை இழுத்துப் போடுகிறார்கள். அதில் ஒரு சிறு பெண் குழந்தை, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைக் கட்டிக்கொண்டு மிதந்தவள். கப்பலில் டாக்டர் கிடையாது. சூடாக இருந்த ஒரே இடம் சமையலறை. ஆகவே குழந்தையைச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் அவளை மாவுச் சாக்கில் சுற்றி அடுப்பருகே வைத்துக்கொள்கிறார். துறைமுகம் வந்ததும் ஆம்புலன்ஸ்காரர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 'அவள் பிழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியமும் வரவில்லை' என்று அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

அன்றைய கூட்டத்தில் வக்கீல் வழக்கம்போல எழுந்து நின்றார். அதாவது மின்விசிறி கொஞ்சம் கிட்டே வந்தது.

"பிழைச்சிருக்க வாய்ப்பே இல்லைங்க. குளிர், உப்புத் தண்ணி, அந்த வயசு. அந்தாளுக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் விசாரிக்கல."

"அப்படிச் சொல்லிட முடியாது சார், குழந்தைங்க நாம நெனைக்கறதைவிட உறுதி" என்றார் பல் டாக்டர்.

"மனசு கேக்காம சொல்றீங்க டாக்டர். சாட்சி எங்கே?"

அப்போது அந்தக் கறுப்புக் கட்டத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு எரிந்தது. யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"அந்தக் குழந்தை சாகலைங்க."

வக்கீலின் மின்விசிறி சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நான்தாங்க அது."

கேமரா திறந்தது. முப்பதைத் தாண்டிய ஒரு பெண். தலையில் துணி கட்டியிருந்தாள். முன்கையிலும் கன்னத்திலும் வெள்ளைப் பெயிண்ட் துளிகள். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவளாம், பாதிச் சுவரை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவமனையிலிருந்து அவளைச் சித்தி வந்து அழைத்துப்போனதையும், அம்மா அப்பா கிடைக்காததையும் ஏதோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி சொன்னாள். இந்தப் புத்தகத்தைச் சித்தப்பா எங்கிருந்தோ வாங்கிவந்து, 'இதுல நீ இருக்கே' என்று கொடுத்துப் பல வருஷமாயிற்றாம்.

"அந்த அத்தியாயம் வர்ற வரைக்கும் படிப்பேன். அங்க வந்ததும் மூடி வச்சிடுவேன். தனியாப் படிக்க முடியல அக்கா. நீங்க இந்தப் புத்தகத்தைப் போட்டிருந்ததைப் பாத்தேன். நாலு பேரு கூட இருந்தா படிச்சிடலாம்னு தோணுச்சு. அதான் வந்தேன்."

பேருந்துக்காரி கைபேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பேச ஆளில்லாமல், பொழுது போகாமல் ஆரம்பித்த ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கரைக்கு வந்திருக்கிறாள். சட்டென்று, "தண்ணி குடிச்சியாம்மா?" என்று கேட்டாள். கேட்டபிறகு தன் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் குருவி சிரித்தாள். "குடிச்சிட்டேன்க்கா" என்றாள்.

அடுத்த நாள் அண்ணிதான் கேட்டாள்: "ஏண்டி, அந்தச் சமையல்காரர் உயிரோட இருக்காரா?"

பதிப்பகத்தார் அவருடைய மகளின் எண்ணைக் கொடுத்தார்கள். பேருந்துக்காரி ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து அழைத்தாள். மகள் எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"படிச்சீங்களா? நிஜமாவா? எத்தனை பேரு?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "என் கட்டிலுக்கடியிலதான்மா பாதி புத்தகம் கெடக்கு. எலிதான் படிச்சிட்டிருக்குன்னு நெனச்சேன்."

குழந்தையைப் பற்றி அவள் அவரிடம் மூச்சுவிடவில்லை. வயதானவரை ஒரேயடியாகத் திகைக்க வைக்கக்கூடாது, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று பல் டாக்டர் எச்சரித்திருந்தார். மகளிடம் தனியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் சொல்லிக்கறேன்க்கா" என்று மகள் மெதுவாக வைத்துவிட்டாள்.

கூட்ட நாள் வந்தது. குருவி அன்று வேலைக்குப் போகவில்லை, தலைவாரி உட்கார்ந்திருந்தாள். வக்கீல் யாரையோ பிடித்துக் கேமராவைச் சரிசெய்திருந்தார். முதன்முறையாக அவர் முகம் தெரிந்தது. நல்ல சாதுவான முகம். சமையல்காரரின் கட்டத்தில் வெறும் நாற்காலி. மகள் குனிந்து, "அப்பா ஷேவிங் பண்ணிட்டிருக்கார், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. காலையிலிருந்து இது ரெண்டாவது தடவை" என்றாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். அகன்ற தோள், மழமழவென்று மழித்த தாடை. யாரையும் பார்க்காமல் குருவியை மட்டும் பார்த்தார். திரையில் தன் விரலை வைத்து, "இதுவா? இந்தப் பொண்ணா?" என்று மகளிடம் கேட்டார். ஆமாம் என்றாள் மகள்.

அவர் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குருவிதான் ஆரம்பித்தாள். "ஐயா, எனக்கு அதுல எதுவுமே ஞாபகம் இல்லைங்க. படகு, தண்ணி, எதுவும் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கு. அதை நீங்க புத்தகத்துல எழுதல. நானே கற்பனை பண்ணிக்கிட்டேனான்னு தெரியல."

"சொல்லும்மா."

"யாரோ பாத்திரத்துல தாளம் போட்டாங்க. டக்கு டக்கு டக்குன்னு. நிறுத்தாம. எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துச்சு. எனக்காகவே வாசிக்கறாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கும் சுவரைத் தேய்க்கும்போது அந்தச் சத்தம் காதுல வரும். அப்போ பயமே இருக்காது."

சமையல்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மகள் பதறி அவர் தோளைப் பிடித்தாள். அவர் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

"அது தாளம் இல்லம்மா," என்றார். "உன்னை ஒரு கையில வச்சுக்கிட்டு, இன்னொரு கையால சர்க்கரைத் தண்ணி கலக்கினேன். என் கை நடுங்குச்சு. எங்கே நீ என் மடியிலயே போயிடுவியோன்னு. கரண்டி சட்டி விளிம்புல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தப் பாத்தேன், முடியல. வெக்கமா இருந்துச்சு, அதான் எழுதல. கப்பல்ல யாருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிக்கே தெரியாது."

"பயத்துலயா?"

"பயத்துலதான்."

குருவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "உங்க பயத்தை வச்சுத்தான் நான் இத்தனை வருஷம் தைரியமா இருந்தேனா!" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். பிறகு இருவரும் நெடுநாள் பழகிய உறவுக்காரர்கள் மாதிரி சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். விடியும்வரை அவள் அழுதுகொண்டே இருந்ததாக அவர் எழுதியிருக்கிறாராம், அது பொய்யாம், அவள் சிரித்தாளாம்.

"அழுதேம்மா, என் காது செவிடாகிற மாதிரி அழுதே."

"அதுக்கப்புறம் சிரிச்சேன். அதை எழுதுங்க."

"சரி சரி. அடுத்த பதிப்புல போடறேன். அடுத்த பதிப்புன்னு ஒண்ணு வந்தா!"

பல் டாக்டர் முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டார். அண்ணி வெளிப்படையாகவே மூக்கைச் சிந்தினாள். வக்கீல் கையைத் தூக்கினார்.

"சாட்சியை ஏத்துக்கறேன்," என்றார்.

பேருந்துக்காரி அந்தச் சின்னச் சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதர் வெட்கப்பட்டு மறைத்த நடுக்கம், கடலைத் தாண்டி, முப்பது வருஷத்தைத் தாண்டி, ஒரு பெண்ணின் உடம்புக்குள் பாட்டாக இருந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, தன் கைபேசியில், தன் மடியில் வைத்து. கோயிலுக்குள் நுழைந்துவிட்டவள் போல அவளுக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. கழற்றினாள்.

கூட்டம் வழக்கத்தைவிட நீண்டுபோயிருந்தது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பக்கத்து வண்டி ஓட்டுநர். "அக்கா, தூங்கிட்டியா? மத்த வண்டியெல்லாம் கெளம்பிடுச்சு!"

அரக்கப்பரக்க வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பள்ளி மணி அடித்துவிட்டிருந்தது. கதவைத் திறந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல முட்டி மோதி ஏறினார்கள். ஒருத்தியின் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. ஒருவன் மூக்கில் சாக்பீஸ் பொடி. தினம் பார்க்கிற முகங்கள்தான், தினம் அதட்டுகிற கூட்டம்தான். இன்று அவளால் அதட்ட முடியவில்லை. ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். இதில் எது எங்கே போய், எந்தச் சத்தத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, யார் முன்னால் வந்து நிற்குமோ!

"ஆன்ட்டி, ஏன் வண்டி எடுக்கல?" என்றது முன் இருக்கையிலிருந்த ஒரு வாண்டு.

"எல்லாரும் ஏறட்டும்" என்றாள். எல்லாரும் ஏறியாகிவிட்டது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம், கண்ணாடியில் அத்தனை பேரையும் பார்த்தபடி, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.