முழு விலைக்குத் தகுமா

‘வாங்கு’ என்ற பொத்தானின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு லூர்துபிரகாஷ் கையை எடுத்துக்கொண்டான். விரல்களில் இன்னும் உருகிய பிளாஸ்டிக்கின் வாடை இருந்தது. மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி வார்க்கும் கம்பெனியில் இரவெல்லாம் நின்றுவிட்டு, கம்பெனி வேனில் தலை தொங்கத் தூங்கி, நோணாங்குப்பத்தில் இறங்கி வந்தவன் முகம்கூடக் கழுவவில்லை. பின்னால் ஜன்னலோரக் கட்டிலில் அப்பா சூசை வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். துணிக்கடைக்கு பில் போடப் போகும் அக்கா ஜாஸ்லின், கிளம்புவதற்கு முன் அப்படித் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனாள். “சம்பளம் ஏறிடுச்சில்ல? மொதல்ல மோட்டார வாங்கியா. அப்பறம் தூங்கு.”

அப்பா படுத்திருந்தது காற்று மெத்தை. அதன் குழாய்களில் மாற்றி மாற்றிக் காற்றேற்றும் சின்ன மோட்டார் ஒரு வாரமாக ஓடவில்லை. பிரித்துப் பார்த்த ரிப்பேர்க்காரர் பக்கிரி, இது செத்த பிணம் தம்பி, எனக்குக் கொடுக்கிற கூலிக்குப் புதுசு செட்டே வாங்கிடலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அது வெறும் ரப்பர் விரிப்பு. மெத்தை ஓடாதவரை அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் சதை செத்துவிடும். வாலெலும்பில் வந்த புண் ஆறுவதற்கு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. இன்னொன்று வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரிதான் என்று கட்டுக்கட்ட வந்த நர்சம்மா சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பா திரும்பி வரமாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாயால் சொன்னதில்லை.

திரையில் ‘பிட்டர் கோஸ்ட்’ கேமின் இரண்டாம் பாகம் காத்திருந்தது. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். மெத்தை செட்டும் கிட்டத்தட்ட அதே விலை. சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியிருந்தது இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும்.

முதல் பாகத்தை அவன் ஆடியது கல்லூரியை விட்ட வருடம். கேம் ஆடித்தான் அவன் படிப்பைக் கெடுத்துக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் படிப்பு முதலில் போயிற்று. கேம் பிறகுதான் வந்தது. உப்பளங்களும் துறைமுகங்களும் உள்ள ஒரு கடற்கரையை ஐந்து அரசர்கள் பங்குபோட்டு அடித்துக்கொள்ளும் ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு டர்ன். யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். எடுக்கிற முடிவுக்கு ஒரு விளைவு இருந்தது, அந்த விளைவுக்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது அவன் வாழ்க்கையில் அப்படி வேறெதுவும் இல்லை.

ஆனாலும் இரண்டாம் பாகம் என்றால் அவனுக்குச் சந்தேகம்தான். பழைய வரைபடத்துக்குப் புதுச் சாயம் அடித்து முழு விலை வைப்பார்கள். பாதி அரசர்களை ஒளித்துவைத்து ஆறு மாதம் கழித்துத் தனியாக விற்பார்கள். அதற்காகவே நண்பர்கள் ஆறு பேர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புது கேம் வந்த அன்று ஒருவன் மட்டும் வாங்குவான். அவனுக்குப் பலியாடு என்று பெயர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் திருப்பினால் ஆன்லைன் கடை கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தரும். பலியாடு அதற்குள் ஆடிப் பார்த்து, முழு விலைக்குத் தகுமா, தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தகாது என்றால் அவனும் திருப்பிக் கொடுத்துவிடுவான். பிரகாஷின் தீர்ப்பு இதுவரை தவறியதில்லை. அவன் பார்ப்பது ஒன்றைத்தான். ஆடும்போது மணி என்ன என்று பார்க்கத் தோன்றினால், அந்த கேம் முழு விலைக்குத் தகாது.

லாஸ்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஸாகிப் காலையிலேயே குரல் செய்தி அனுப்பியிருந்தான். “இன்னா பலியாடு, மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சி, இன்னும் தலய ஆட்டலியே. நாங்க அஞ்சு பேரு காசக் கையில வச்சிகினு ஒக்காந்துனுக்கிறோம்டா.”

பிரகாஷ் கணக்குப் போட்டான். இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத் திருப்பிவிட்டால் காசு ஒரு வாரத்தில் வந்துவிடும். மெத்தை ஒரு வாரம் தள்ளிப்போகும். அதுவரை மெத்தை செய்கிற வேலையைத் தானே கையால் செய்துவிட்டால் போயிற்று. அவனும் இரண்டு மணி நேரத்தில் எழுந்துதான் ஆக வேண்டும், அப்பாவையும் இரண்டு மணி நேரத்தில்தான் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே அலாரம் போதும். இதைவிடக் கச்சிதமான திட்டம் இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. போனில் அலாரம் வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினான்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. அதே கடற்கரை, அதே உப்பு. காசைத் திருப்பிவிடலாம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு வடக்கிலிருந்த அரசி அவனுடன் சமாதானம் செய்துகொண்டாள். முதல் பாகத்தில் எதிரிகள் மடையர்கள், நினைத்தபோது ஒப்பந்தத்தை மீறிப் படையெடுப்பார்கள். இவள் அப்படிச் செய்யவில்லை. அவனுடைய உப்பையெல்லாம் நல்ல விலைக்கு வாங்கினாள். அவன் பேராசைப்பட்டு வயல்களை அழித்து உப்பளமாக்கினான். அடுத்த மழைக்கு அவள் வாங்குவதை நிறுத்தினாள். கிடங்கு நிறைய உப்பு, தின்ன நெல் இல்லை. ஒரு அம்புகூட விடாமல் அவனைப் பட்டினி போட்டுவிட்டாள். பிரகாஷ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கோபம் வரவில்லை. தன்னை ஒருவர் மதித்து ஆடுகிறார் என்று இருந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர்கூட அவன் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை.

அலாரம் அடித்தது. அவனுடைய கடைசித் துறைமுகத்துக்கு நெல் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது கரை சேருமா என்று பார்த்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று அலாரத்தை விரலால் தள்ளி அணைத்தான்.

கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக்.

பேச்சு போனபிறகு அப்பா தானாக ஏற்படுத்திக்கொண்ட வழி அது. பக்கத்துக் கழிமுகத்தின் போட் ஹவுஸில் சுற்றுலாக்காரர்களைப் பாரடைஸ் பீச்சுக்கு ஏற்றிப்போகிற படகை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். எஞ்சின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. முனையில் நிற்பவன் கம்பியால் படகின் ஓரத்தைத் தட்டுவான். ஒன்று என்றால் மெதுவாக, இரண்டு என்றால் திருப்பு. பக்கவாதம் வலது பக்கத்தையும் வாயையும் கொண்டுபோன பிறகு, அப்பா ஒரு ஸ்பூனை இடது கையில் வாங்கிக்கொண்டார். கட்டிலின் இரும்புக் குழாயில் இரண்டு தட்டுவார். திருப்பு.

“வர்றேம்பா,” என்றான் பிரகாஷ். “தோ, இந்த ஒரு டர்னு.”

கப்பல் கரை சேர்ந்தது. ஆனால் அதில் பாதி நெல்தான் இருந்தது, மீதியைத் தெற்கத்தி அரசன் வழியில் பிடுங்கியிருந்தான். மறுபடி இரண்டு தட்டு. அவன் திரும்பாமலே இடது கையைத் தூக்கிக் காட்டினான். அப்புறமும் தட்டியது. எத்தனை முறை என்று அவனுக்குத் தெரியாது. பிறகு தட்டவில்லை. தூங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டான். நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அப்படி நினைத்தபோது மனசுக்கு இதமாக இருந்ததும் ஞாபகம் இருந்தது.

மூத்திர வாடைதான் அவனை ஆட்டத்திலிருந்து எழுப்பியது. தலையைத் தூக்கினான். காலையில் தரையில் கிடந்த வெயில் எப்போதோ அறையை விட்டுப் போயிருந்தது.

அப்பா தூங்கவில்லை. கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரகாஷ் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கை கொடுத்து அவரைப் புரட்டினான். விரிப்பு தோலோடு ஒட்டி வந்தது. வலது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. நர்சம்மா சொல்லிக்கொடுத்தபடி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். நல்ல தோல் என்றால் அழுத்தியதும் வெளுத்துத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவில்லை. நடுவில் தோல் ஈரமாக வழன்றிருந்தது. வலிக்குதாப்பா என்று கேட்டான். அப்பா அவன் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

துடைத்து, வேறு துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே ஜாஸ்லினின் ஸ்கூட்டி வந்து நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கட்டிலடியில் புதுப் பெட்டி எதுவும் இல்லை என்பதைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கி, புண் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“தட்டலியா அவரு?”

“தட்டுனாரு.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் பின்பக்கம் போய்க் கை கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் நர்சம்மாவிடம் போனில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. இடையில் ஒருமுறை, “இல்ல, வீட்லதான் இருந்தான்” என்றாள்.

காசு இனி திரும்பாது. நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. போனில் ஸாகிப்பின் செய்திகள் வரிசையாக நின்றன. கடைசியாக வந்ததைப் பிரகாஷ் காதருகே வைத்துக் கேட்டான். “டேய், இவ்ளோ நேரம் ஆளக் காணம்னா செம கேம்தான் போல. முழு வெலைக்கு வாங்கலாமா, சொல்லு மச்சான்.” தகும் என்று அடித்தான். அழித்தான். பிறகு மறுபடியும் அதையே அடித்து அனுப்பினான். பொய்யில்லை. அவன் வைத்திருந்த ஒரே அளவுகோலில் அது முழு விலைக்குத் தகுந்த கேம்தான். உடனே ஐந்து பேரும் கும்மாளமாகப் பதில் போட ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் வேனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அடுத்த முறை திருப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. திருப்பிவிட்டே போயிருக்கலாம். ஆனால் அப்பா தட்டட்டும் என்று இருந்தான். ஒரு தடவை தட்டினால் போதும், சத்தம் அடங்குவதற்குள் எழுந்துவிடலாம். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. கழிமுகத்தில் கடைசிப் படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே யாரோ ஓரத்தை இரண்டு தட்டுவது இங்கே வரைக்கும் கேட்டது. அப்பாவின் இடது கை போர்வையின் மேல் கிடந்தது. ஸ்பூன் அந்தக் கையில்தான் இருந்தது. இரும்புக் குழாய் கைக்கெட்டும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.