பிள்ளைகளின் அறை

கொசு அக்கா இரண்டு கதவுகளுக்கு நடுவில் நின்று சேலையை உதறினாள். ஆராய்ச்சிக்குக் கொசு வளர்க்கும் அறையின் சட்டம் அது. உள்கதவைச் சாத்தி, தன்மேல் ஒரு கொசுகூட ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்த பிறகே வெளிக்கதவைத் திறக்கலாம். தப்பித்தவறி ஒட்டிவந்தால் அடித்துவிடலாம். அக்கா ஒருநாளும் அடித்ததில்லை. உறிஞ்சுகுழலில் பிடித்து உள்ளேயே விட்டுவிடுவாள்.

வராந்தாவில் மகள் ஏழு மாத வயிற்றோடு நின்றிருந்தாள். ஆராய்ச்சி மையத்துக்கு இன்று நாற்பதாம் ஆண்டு விழா, அக்காவுக்குக் கடைசி வேலை நாள். விழா முடிந்ததும் அம்மாவைக் கையோடு தன் ஊருக்கு அழைத்துப்போக வந்திருந்தாள். அக்கா அவளுடைய வலது பக்கம் போய் நின்றாள். சின்ன வயதுக் காய்ச்சலில் மகளுக்கு இடது காது போய்விட்டது.

"பை கட்டிட்டியாம்மா?"

"கட்டியாச்சு. போய்க் கைதட்டிட்டு வந்து கிளம்பிடலாம்."

மையம் தொடங்கியது விலங்கியல் துறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். கொசு பரப்பும் யானைக்கால் நோய் பணக்காரனுக்கு வருவது அபூர்வம். அதனால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள ஆளில்லை. ஒரு பிடிவாதக்காரப் பேராசிரியர் மட்டும் உடைத்துக்கொண்டார். கொசுக்கூண்டுக்கு வலைத்துணி தைக்க ஆள் தேடினார். ஒரு வாரத் தையலுக்கு வந்தவள் அக்கா. தைத்து முடித்தபோது கொசுக்களுக்கு ரத்தம் வைக்க ஆளில்லை, இருந்துவிட்டாள். ஞாயிறு, விடுமுறை, வேலைநிறுத்தம் எதுவும் கொசுவுக்குத் தெரியாது. கொட்டகை மூன்று மாடியானது, இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். அக்கா ஆணி அடித்தாற்போல அங்கேயே இருந்தாள். கொசுக்களை அவள் "பிள்ளைங்க" என்பாள். அந்தச் சொல் மையம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. "பிள்ளைங்க சாப்ட்டாங்களா?" என்றுதான் இயக்குநரே கேட்பார்.

விழா மேடையில் இயக்குநர் மையத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்து, அக்காவிடம் வந்ததும் உற்சாகமானார்.

"ஒருநாள் ஆபீசுக்கு போன். 'பிள்ளைக்கு ரொம்ப முடியல, அம்மாவை வரச் சொல்லுங்க'ன்னு பக்கத்து வீட்டம்மா. நம்ம கிளார்க் ஓடிப்போய், 'அக்கா, பிள்ளைங்களுக்கு முடியலையாம்!'னு சொல்லிட்டாரு. அக்கா அலறியடிச்சு எங்க ஓடினாங்க தெரியுமா? கொசு ரூமுக்கு! சாயங்காலம் வரைக்கும் கூண்டு கூண்டா பார்த்துட்டு, 'எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க'ன்னாங்க!"

அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்காவுக்குக் காது மடல் எரிந்தது. மகள் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவில்லை.

"இப்பேர்ப்பட்டவங்களை விட்டுடுவோமா? இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சாச்சு!"

யாரோ அவளை மேடைக்கு இழுத்துப்போனார்கள். பூங்கொத்து கைக்கு வந்தது.  இத்தனை பேர் எழுந்து கைதட்டும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? "சரிங்க" என்றாள். அதை ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மகள் பேசினாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு அவங்க விடலன்னுதானே சொன்னே?"

அக்கா பூங்கொத்தைக் கைமாற்றிப் பிடித்தாள். "இப்பவும் விடலையேடி."

"நீ கேக்கவே இல்லையேம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ரத்தம் மட்டும் வெச்சுட்டு வந்துடறேன். நேரா போய் முடியாதுன்னு சொல்லிடறேன். இரு, என்ன?"

 அக்கா உள்ளே போய் ஒவ்வொரு கூண்டுக்கும் ரத்தம் வைத்தாள்.  வெளியே வந்து உள்கதவைச் சாத்திச் சேலையை உதறியபோது, தோளில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது, வயிறு சிவந்து, நகரக்கூட முடியாமல். உறிஞ்சுகுழல் உள்ளே மேசையில் இருந்தது.

வெளிக்கதவின் கண்ணாடிக்கு அப்பால் மகள் தன் பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் இருடி!" என்று அக்கா கத்தினாள். மகளின் இடது காதுதான் கதவின் பக்கம் இருந்தது. அவள் படியை நோக்கித் திரும்பினாள்.

அக்கா கையை ஓங்கினாள். கொசு அசையவில்லை.