ஒன்பதரை அடியில் ஒரு நிறுத்தம்

1

இந்தக் கதையை எழுத எனக்கு ஆசையே இல்லை. பிரான்சிதான் இழுத்துவிட்டான். 'நீர்மட்டம்' என்ற எங்கள் இசைக்குழுவுக்குப் பன்னிரண்டு வயதாகிறது, புதுத் தொகுப்பு வெளிவருகிறது, அதோடு போட ஒரு பக்க வரலாறு வேண்டும் என்றான். யார் எப்போது சேர்ந்தார்கள், யார் எப்போது போனார்கள், அவ்வளவுதான். "நீதான் பத்திரிகைல கதையெல்லாம் எழுதுறியே மச்சான், உக்காந்தா அரை மணி நேரம்" என்றான். மூன்று வாரமாகிறது. வரலாறு இரண்டாம் வரியைத் தாண்டவில்லை.

முதல் தொடக்கம்: நீர்மட்டம் 2013இல் திருச்சியில் நான்கு நண்பர்களால்

நான்கு சரி. நண்பர்கள் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

இரண்டாவது: போஸ்ட்-ஹார்ட்கோர் என்னும் இசைவகை

(இதை எப்படியும் விளக்கியாக வேண்டும். ஒருவன் பாடுவான், திடீரென்று அடித்தொண்டையிலிருந்து கத்துவான், பிறகு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி பாடுவான். மற்றவர்கள் பின்னால் தாளத்தை உடைத்து உடைத்து வாசிப்போம். கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்தால் நாங்கள் சரியாக வாசிக்கிறோம் என்று பொருள்.)

மூன்றாவது: ரசூலை நாங்கள் குழுவிலிருந்து நீக்கியதற்குக் காரணம்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அதனால்தான் வரலாறு கதையாகிவிட்டது.

2

பட்டியலை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். குரல், பொன்மலை பிரான்சி. அன்றும் அவன்தான், இன்றும் அவன்தான். கிட்டார், லால்குடியிலிருந்து ரயிலில் வந்துபோன அஜித். ட்ரம்ஸ், பாலக்கரை ரசூல். பேஸ் கிட்டார், ஸ்ரீரங்கம் மாதவன், அதாவது நான். பேஸ் என்பது வாசித்தால் யாருக்கும் கேட்காது. வாசிக்காவிட்டால் மட்டும் என்னவோ குறைகிறதே என்பார்கள்.

ரசூல் 2014இல் போனான். நான் 2016இல் வாத்தியார் வேலைக்குப் போனேன். அஜித் சென்னைக்குப் போனான், அவன் இடம் மூன்று கை மாறிவிட்டது. ரசூலின் இடத்துக்கும் மூன்று பேர் வந்தார்கள். கடைசியாக வந்த அனிஷா ஐந்து வருடமாக வாசிக்கிறாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர், வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தாளில் எழுதிவைத்தது எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லிக்கொடுக்காமல் போனவன் ரசூல் ஒருவன்தான். அவனுக்கு அடுத்து வந்தவர் எங்கள் முதல் ஒலிப்பதிவைக் கேட்டே கற்றுக்கொண்டார்.

அந்தப் பதிவில் 'ஒன்பதரை அடி' என்ற பாட்டில் ஒரு தப்பு இருக்கிறது.

3

(இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். மூன்று முறை பொய் எழுதினேன்.)

அந்த நாட்களில் எங்கள் பயிற்சி, மேல உத்திர வீதியில் என் அத்தை ஆனந்தவள்ளியின் வீட்டு மாடியில். சத்தத்தை அடக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாம் என்றோம். அத்தை விடவில்லை. "முட்டை இல்லாத அட்டைதாங்க" என்று ரசூல் வாதாடிப் பார்த்தான். கடைசியில் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்தோம். அத்தை போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "நம்பெருமாள் வீதியில ஏள்றச்சே மாடிலேர்ந்து ஒரு சத்தம் வரப்படாது. கேட்டேளா?"

பெருமாள் வரும்போது நாதஸ்வரம் கேட்குமே என்பீர்கள். பிரான்சி கத்துகிற இடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே ஜன்னலோரம் நிற்கும் நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். பெருமாளுக்குப் பிடிக்கிற வெள்ளைக் குடை தெரிந்ததும் கையை எடுக்க வேண்டும். என் பேஸ் நின்றால் பக்கத்திலிருக்கும் ரசூல் நிறுத்துவான், அவன் நிறுத்தினால் எல்லாம் நிற்கும். பதிவு நாளன்று இரவல் வாங்கிய கருவிகளைச் சாயங்காலத்துக்குள் திருப்ப வேண்டியிருந்தது. ஒரே தடவைதான் வாசிக்க முடியும்.

'ஒன்பதரை அடி'யின் நடுவில் கிட்டார் கிடையாது. ட்ரம்ஸ், பேஸ், மேலே பிரான்சியின் கத்தல். அப்போது தெருமுனையில் வெள்ளைக் குடை திரும்பியது. கையை எடுத்துவிட்டேன். ரசூல் நின்றான். குடைக்கு அடியில் சிம் கார்டு விற்கிற ஆள், நிழல் தேடி இடம் மாற்றிக்கொண்டிருந்தார். மறுபடி வாசித்தேன், ரசூலும் சேர்ந்துகொண்டான். நான்கு எண்ணிக்கை காலி. கண்ணை மூடிக் கத்திக்கொண்டிருந்த பிரான்சிக்கு ட்ரம்ஸ் நின்றது மட்டும்தான் தெரிந்தது.

"ஏன்டா நிறுத்தின?" என்று ரசூலிடம் பாய்ந்தான்.

ரசூல் என்னைப் பார்த்தான். "மாதவா, நீ நிறுத்துனியா?"

"இல்லடா. நான் வாசிச்சிட்டுத்தான் இருந்தேன்."

அவ்வளவுதான் நடந்தது. பயம்தான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பதிவைப் போட்டுக் கேட்டபோதும் ட்ரம்ஸ் நின்றதுதான் பளிச்சென்று தெரிந்தது, பேஸ் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் பிரான்சி வேறு ஆளைத் தேடினான். அடுத்த மாதம் ரசூல் சவுதியில், தம்மாமில், மாமாவின் வண்டி உதிரிபாகக் கடைக்குப் போய்விட்டான்.

ஒரு வாசகனாக, ரசூல் என்ற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. ஒருவன் தன் காதை விட்டுவிட்டு நண்பன் வாயை நம்புவானா? வகுப்பில் யாராவது இப்படி எழுதிவந்தால் திருத்தச் சொல்வேன். ஆனால் அவன் நம்பினான்.*

* பதினோரு வருடம் நம்பினான். ஊர் திரும்பிய பிறகு அவனே சொன்னது: "அங்க வண்டி ஓட்டுறப்ப பாட்டுப் போட்டாகூட ஸ்டியரிங்ல தட்ட மாட்டேன். எனக்குக் கணக்கு நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

4

இந்த மாதம் அனிஷாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. ரசூலும் தம்மாமை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டான். பிரான்சிக்குக் கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. "பழைய ஆளே வரட்டும்" என்றான். போன ஞாயிறு காலை பொன்மலையில் அவன் வீட்டுக் கார் ஷெட்டில், வழக்கப்படி, அனிஷா ரசூலுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வரலாறு எழுதுகிறவன் என்ற பெயரில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

'ஒன்பதரை அடி' வந்தது. ரசூல் ஒரு எண்ணிக்கைகூடத் தவறாமல், நாங்கள் முதலில் அமைத்த மாதிரியே, நிறுத்தாமல் வாசித்துப் போனான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"தப்புண்ணே" என்றாள் அனிஷா. "அங்க நாலு எண்ணிக்கை நிறுத்தணும். அதாண்ணே பாட்டே. அந்த இடத்துல கூட்டமே மூச்சப் புடிச்சிட்டு நிக்கும்."

ரசூல் குச்சிகளைக் கீழே வைத்தான். சிரித்தான், அந்தச் சிரிப்பை எழுத எனக்கு வராது. "அன்னைக்கு நிறுத்துனது தப்பு. இன்னைக்கு நிறுத்தாதது தப்பு. எனக்கு இது சரிப்படாதும்மா. நீ நல்லா வாசிக்கிற."

"யோசிச்சு சனிக்கிழமை சொல்லுடா" என்றான் பிரான்சி. இல்லையென்றால் வேறு ஆள்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது ரசூல் என்னிடம் கேட்டான். கோபமாக இல்லை, வழி கேட்பது போலக் கேட்டான். "அன்னைக்கு என் காதுல பேஸ் நின்ன மாதிரிதான் இருந்துச்சு, மாதவா. எப்படி அப்படித் தோணுச்சு?"

நான் "தெரியலடா" என்றேன். இரண்டாவது தடவை.

5

முடிவுகள்.

அ) மாதவன் உண்மையைச் சொல்கிறான். ரசூல் கட்டிக்கொள்கிறான். (நானே நம்பாத முடிவு.)

ஆ) மாதவன் சொல்கிறான். ரசூல் ஓங்கி ஒரு அறை விடுகிறான். (இது எனக்குச் சௌகரியம். வாங்கிக்கொண்டால் தீர்ந்துவிடும்.)

இ) மாதவன் சொல்லவில்லை. வரலாற்றில் 'ரசூல், 2013 முதல் 2014 வரை' என்று ஒரு வரி. (இதற்குத்தான் பதினோரு வருடமாக

ஈ) உண்மை தெரிந்து பிரான்சி அந்த நிறுத்தத்தையே எடுத்துவிடுகிறான். மூச்சைப் பிடித்து நின்றவர்களிடம் போய், நீங்கள் நின்றது ஒரு சிம் கார்டு குடைக்காக என்று யார் சொல்வது?

எது சரி என்று தெரியவில்லை. எனக்கு மன்னிப்பு வேண்டுமா, அவனுக்கு இடம் வேண்டுமா, இரண்டையும் குழப்பிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். மன்னிப்பு எனக்குக் கிடைக்காமல் போகட்டும். சனிக்கிழமைக்குள் அவனுக்கு அவன் காது திரும்பக் கிடைக்க வேண்டும்.

6

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பாலக்கரை டீக்கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வாயைத் திறந்தால் மூன்றாவது தடவையும் பொய் சொல்லிவிடுவேன். என் வாயை எனக்குத் தெரியும். அதனால் இதுவரை எழுதியதை அச்செடுத்துக்கொண்டு போகிறேன், ஒரு பேனாவும்.

ரசூல், நீ இந்த வரிக்கு வந்திருந்தால் நான் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். நிமிர வேண்டாம், இன்னும் இரண்டு வரி. நான்தான் நிறுத்தினேன். உன் காது சரியாகத்தான் கேட்டது, அன்றும் சரி, ஞாயிற்றுக்கிழமையும் சரி. மூன்றாம் பகுதியிலிருந்து எந்த வரியை வேண்டுமானாலும் அடித்துக்கொள். கீழே இருக்கும் இடம் உனக்கு.

மற்ற வாசகர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். அவன் எண்ணிக்கையைத் தவறவிட்டுத் தாமதமாக நுழைகிறவன் இல்லை. அது நான் கட்டிவிட்ட கதை.

7